முதல் பயிற்சிப் படம்: குறும்படமா, கதவா, இஸ்திரி வண்டியா?

விஸ்காம் முதலாண்டில் சேர்ந்தவர்களும் கல்லூரி ஃபிலிம் கிளப்பில் புதிதாக நுழைந்தவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "முதல்ல என்ன எடுக்கிறது?" கையில் ஃபோன் இருக்கும், கூட மூன்று நான்கு நண்பர்கள் இருப்பார்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும். கேமராவையும் எடிட்டிங்கையும் அடிப்படையிலிருந்து பழக இவை போதும். ஆனால் இவற்றை எந்தப் பயிற்சியில் செலவழிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தப்பான இடத்தில் தொடங்கி, ஒரு வருடம் கழித்தும் "என் கட் ஏன் உறுத்துது?" என்று விடை தெரியாமல் நிற்கிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களிடம் ஆர்வம் குறைவில்லை, உழைப்பும் குறைவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

பயிற்சிகளை எடைபோட நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். எடுத்ததில் தப்பு இருந்தால், எடிட்டிங்கில் உட்காரும்போது அது தானாகவே கண்ணில் பட வேண்டும். ஆசிரியரோ சீனியரோ வந்து சுட்டிக்காட்டினால்தான் தெரியும் என்றால், அந்தப் பயிற்சி பாதி வேலையைத்தான் செய்கிறது.

பெரும்பாலானவர்கள் நேராகக் குறும்படத்துக்குப் போகிறார்கள். காரணம் புரிகிறது. கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன் போன்றவர்கள் அடுத்த சில வருடங்களிலேயே பெரிய திரைக்கு வந்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்குக் குறும்படம் என்றாலே சினிமாவின் வாசல். அப்படி நினைப்பதில் தப்பில்லை. ஆனால் வாசலில் போய் நிற்பதற்கு முன்னால் ஷாட் வைக்கவும் வெட்டவும் தெரிந்திருக்க வேண்டும்.

பத்து நிமிடக் குறும்படத்தை முதல் முயற்சியாக எடுத்தால் என்ன ஆகும்? நடிக்க ஒத்துக்கொண்டவருக்கு அன்றைக்குப் பார்த்து இன்டர்னல் தேர்வு வரும். மொட்டை மாடியில் எடுக்க வேண்டிய காட்சிக்கு வெளிச்சம் போய்விடும். நாலு ஷாட் குறையும். எடிட்டிங்கில் பொருந்தாத இடத்திலெல்லாம் பின்னணி இசை ஏறும், ஸ்லோ மோஷன் வரும், டிசால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது தெரிவது) வரும். ஒருவழியாகப் படம் முடியும், நண்பர்கள் "செம" என்பார்கள். எடுத்தவருக்குத் தன் படத்தில் ஏதோ இடிக்கிறது என்று தெரியும், என்னவென்று தெரியாது. கதையா, நடிப்பா, வெளிச்சமா, சத்தமா, கட்டா? எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும்போது புதியவரால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆள் சேர்ப்பது, இடத்துக்கு அனுமதி கேட்பது, ஒரு நாளைத் திட்டமிடுவது ஆகியவற்றைக் குறும்படம் போல வேறெதுவும் சொல்லித்தராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால் குறும்படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் வேண்டாம்.

கதவு, நாற்காலி, இரண்டு வரி வசனம்

என் ஓட்டு இந்தப் பயிற்சிக்குத்தான். ஒருவர் நடந்து வந்து கதவைத் திறக்கிறார், அறையைக் கடக்கிறார், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவருக்கு எதிரே நாற்காலியில் உட்காருகிறார், இருவரும் ஒன்றிரண்டு வரி பேசுகிறார்கள். அவ்வளவுதான். இங்கிலாந்தில் ஓசிஆர் என்ற தேர்வு வாரியம், பள்ளி இறுதி நிலை மீடியா பாடத்தில் பல ஆண்டுகள் இதையே முதல் கட்டப் பயிற்சியாக வைத்திருந்தது. இரண்டு நிமிடப் படத்தொடக்கம் ஒன்றை எடுப்பதுதான் பெரிய வேலை, அதற்கு முன்னால் இதைச் செய்துகாட்ட வேண்டும். மாணவர்கள் மூன்று விஷயங்களில் தேற வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள்: ஆக்‌ஷனில் கட் செய்வது (ஒரு அசைவு நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த ஷாட்டுக்கு மாறுவது), பேசுகிறவரையும் கேட்கிறவரையும் மாற்றி மாற்றிக் காட்டுவது, இருவருக்கும் நடுவே ஓடுவதாக வைத்துக்கொள்ளும் கற்பனைக் கோட்டை, அதாவது 180 டிகிரி லைனைத் தாண்டாமல் இருப்பது.

கேட்க ரொம்பச் சின்ன வேலையாகத் தெரியும். செய்து பார்த்தால் தெரியும். கதவை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெளியே வராந்தாவிலிருந்து ஒரு மிட் ஷாட் (இடுப்புக்கு மேல் தெரிவது): நடந்து வருகிறவர் தாழ்ப்பாளில் கை வைத்துத் தள்ளுகிறார். அடுத்து அறைக்குள்ளிருந்து ஒரு வைட் (இடம் முழுக்கத் தெரிவது): கதவு திறக்கிறது, அவர் உள்ளே வருகிறார். புதியவர்கள் வெளி ஷாட்டில் கை கதவைத் தொட்டவுடனே "கட்" சொல்லிவிடுவார்கள். உள் ஷாட்டைக் கதவு பாதி திறந்த நிலையிலிருந்து தொடங்குவார்கள். எடிட்டிங்கில் இரண்டையும் ஒட்டினால் நடுவில் அரை நொடி காணாமல் போயிருக்கும், கதவு எகிறித் திறந்தது போல இருக்கும்.

இதற்கு வழி, முழு ஆக்‌ஷனையும் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துக்கொள்வது. வெளி ஷாட்டில் அவர் உள்ளே போய் மறைகிறவரை கேமரா ஓடட்டும். உள் ஷாட்டில் மூடிய கதவைச் சில நொடி வெறுமனே பிடித்துவிட்டு, அப்புறம் அவரை வரச் சொல்லுங்கள். இப்போது கதவு திறக்கும் அந்தச் சில நொடிகள் இரண்டு கிளிப்பிலும் இருக்கும். எங்கே வெட்டுவது என்பது உங்கள் கையில். தாமதமாக வெட்டி, உள் ஷாட்டை மூடிய கதவிலிருந்து தொடங்கினால் கதவு இரண்டு முறை திறக்கும். வெளி ஷாட்டை முன்கூட்டியே வெட்டி, உள் ஷாட்டைத் தாமதமாகத் தொடங்கினால் எகிறும். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் டைம்லைனில் (எடிட்டிங் மென்பொருளில் கிளிப்களை வரிசையாக அடுக்கும் இடம்) ஒரு ஃப்ரேம் என்பது நொடியில் 25-ல் ஒரு பங்கு. அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் கட் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கை அசைந்துகொண்டிருக்கும்போது கண் கையின் பின்னாலேயே ஓடுகிறது, கோணம் மாறியதைக் கவனிப்பதில்லை. இதை நூறு முறை வாயால் சொல்லலாம். ஒரு மாணவர் தன் கையாலேயே அந்த ஃப்ரேமைக் கண்டுபிடிக்கும்போதுதான் அது அவருடையதாகிறது.

கேமராப் பக்கமும் இந்தக் கதவு நிறையச் சொல்லித்தரும். வெளியே வெயில், உள்ளே இருட்டு. கதவு திறந்ததும் ஃபோன் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும், உள்ளே உட்கார்ந்திருப்பவர் முகம் கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, பூட்டி வைக்க வேண்டும் என்பதை அந்த நொடியில் புரிந்துகொள்வார்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி வைத்தால் அது அடங்கும். சத்தத்துக்காக மின்விசிறியை அணைத்தால் அரை மணி நேரத்தில் நடிகர் நெற்றி வியர்த்துவிடும், முந்தைய ஷாட்டோடு முகம் பொருந்தாது. அணைக்காவிட்டால் ஒவ்வொரு கட்டிலும் விசிறிச் சத்தம் ஏறி இறங்கும். டேக்குக்கு டேக் அணைத்துப் போட்டு, நடுவில் முகத்தைத் துடைத்து, கடைசியில் யாரும் பேசாத வெறும் அறைச் சத்தத்தை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்து வைத்துக்கொள்வது நல்லது. கட்களுக்கு அடியில் அதைப் போட்டால் இடைவெளிகள் தெரியாது.

அடுத்தது லைன். வராந்தாவில் இடமிருந்து வலமாக நடந்தவர், அறைக்குள்ளும் இடமிருந்து வலமாகவே வர வேண்டும். வந்து ஃப்ரேமின் இடப்பக்க நாற்காலியில், வலப்பக்கம் பார்த்து உட்கார வேண்டும். எதிரே இருப்பவர் லுக், அதாவது பார்க்கும் திசை, இடப்பக்கம். இருவர் கண்களுக்கும் இடையே ஒரு கோடு ஓடுவதாக வைத்துக்கொண்டு, மாஸ்டர் (இருவரும் சேர்ந்து தெரியும் ஷாட்), சஜஷன் (ஒருவர் தோளுக்கு மேலாக இன்னொருவரைக் காட்டும் ஷாட்), க்ளோசப் எல்லாவற்றையும் கோட்டின் ஒரே பக்கம் நின்று எடுக்க வேண்டும். ஜன்னல் வெளிச்சம் அழகாக இருக்கிறதே என்று ஒரே ஒரு க்ளோசப்பைக் கோட்டைத் தாண்டி எடுத்தாலும், டைம்லைனில் இருவரும் ஒரே திசையைப் பார்த்து யாரோ மூன்றாமவரிடம் பேசுவது போல இருக்கும். வாத்தியார் வர வேண்டியதே இல்லை, தப்பு தானே கத்தும்.

வசனத்தில் கதை தேடாதீர்கள். "சாவி கொண்டு வந்தியா?" "உங்கிட்டதானே இருந்துச்சு." இது போதும். இதே இரண்டு வரியை வேறு வேறு விதமாக வெட்டிப் பாருங்கள். பேசுகிறவர் முகத்தையே காட்டினால் சாதாரணப் பேச்சு. இரண்டாவது வரி முழுவதும் முதலாமவர் முகத்திலேயே நிறுத்தி, பதிலைச் சத்தமாக மட்டும் கேட்கவிட்டால், சாவியைத் தொலைத்தது அவர்தானோ என்று தோன்றும். பதில் சொல்வதற்கு முன்னால் அரை நொடி மௌனத்தை நீட்டினால், இரண்டாமவர் மேல் சந்தேகம் திரும்பும். அதே நடிப்பு, அதே வசனம்தான். எடிட்டிங் என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழி எனக்குத் தெரியாது.

ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் பொருந்த வேண்டும் என்ற கன்டினியூட்டியைப் பிடித்துக்கொண்டு தொங்குவது பழைய பாணி இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. புகழ்பெற்ற எடிட்டர் வால்டர் மர்ச், ஒரு கட்டுக்கு வேண்டிய ஆறு தகுதிகளை வரிசைப்படுத்தும்போது உணர்ச்சிக்கு 51 சதவீதம், கதைக்கு 23, லயத்துக்கு 10 என்று கொடுத்துவிட்டு, நடிகர்கள் எங்கே நிற்கிறார்கள் என்ற இடத் தொடர்ச்சிக்குக் கடைசியாக 4 சதவீதம்தான் கொடுக்கிறார். எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் கீழேயிருந்து விட்டுக்கொடுக்கச் சொல்கிறார். விட்டுக்கொடுக்க அது முதலில் கைவசம் இருக்க வேண்டும். உணர்ச்சிக்காக லைனைத் தாண்டுவதும், லைன் என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் தாண்டுவதும் திரையில் ஒன்றுபோல இருக்காது.

இந்தப் பயிற்சியின் குறைகளும் உண்டு. குறைந்தது மூன்று பேர் வேண்டும், நான்கு பேர் இருந்தால் நல்லது. இன்னொன்று, எடுத்து முடித்த படத்தை யாருக்கும் பெருமையாகக் காட்ட முடியாது. இரண்டாவது குறைதான் பலரை விலக்கிவிடுகிறது.

தனி ஆள் என்றால்

கூட யாரும் இல்லையா? தெருமுனை இஸ்திரி வண்டிக்குப் போங்கள். ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒன்றரை நிமிடத்துக்குள் காட்டும் படம். செய்தித் தொலைக்காட்சிப் பயிற்சிகளில் ஐந்து ஷாட் முறை என்று சொல்வார்கள்: கையின் க்ளோசப், முகத்தின் க்ளோசப், வைட், தோளுக்குப் பின்னாலிருந்து ஒன்று, அப்புறம் உங்கள் விருப்பத்துக்கு ஒரு கோணம்.

இஸ்திரி போடுவதை நான் சிபாரிசு செய்வதற்குக் காரணம், அந்த வேலை திரும்பத் திரும்ப வருகிறது. தண்ணீர் தெளிப்பது, காலரை விரிப்பது, பெட்டியை ஓட்டுவது, கையை மடிப்பது என்று ஒவ்வொரு சட்டைக்கும் அதே வரிசை. பத்து சட்டை என்றால் பத்து டேக். "அண்ணே, இன்னொரு தடவை" என்று கேட்டு அவர் பிழைப்பைக் கெடுக்க வேண்டியதில்லை. முதல் சட்டைக்கு வைட், இரண்டாவதற்குக் கை, மூன்றாவதற்கு முகம் என்று ஒரே ஃபோனை வைத்துக்கொண்டு மூன்று கேமரா வைத்தது போல எடுத்துவிடலாம். பெட்டி இடமிருந்து வலமாக ஓடும்போது வைடிலிருந்து க்ளோசப்புக்கு வெட்டினால் ஆக்‌ஷன் கட் கிடைத்துவிடும்.

சிக்கல் எங்கே வருமென்றால், வைடில் வெள்ளைச் சட்டை இருக்கும், க்ளோசப்பில் நீலக் கட்டம் போட்ட சட்டை. இதை அங்கே நிற்கும்போது கவனிக்கவே மாட்டீர்கள், வீட்டுக்கு வந்துதான் தெரியும். அடுத்த முறை போகும்போது வெள்ளைச் சட்டைக்காகக் காத்திருப்பீர்கள், அல்லது நடுவே அவர் முகத்துக்கு ஒரு கட் போட்டுச் சட்டை மாறியதை மறைக்கக் கற்றுக்கொள்வீர்கள். இரண்டுமே பாடம்தான். கரிப் பெட்டியோ கேஸ் பெட்டியோ, எடுக்கும் முன் அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், வாடிக்கையாளர்கள் வரும்போது வழியை விட்டு நில்லுங்கள், முடித்ததும் கொண்டுபோய் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

கதவுப் பயிற்சியோடு ஒப்பிட்டால் இதில் இரண்டு பேர் லுக் இல்லை, வசனம் இல்லை, அதனால் லைன் பாடம் மேலோட்டமாகத்தான் கிடைக்கும். அதற்குப் பதிலாக நிஜமான வெளிச்சமும் நிஜமான சத்தமும் கிடைக்கும். நாலு பேருக்குக் காட்டக்கூடிய ஒரு படமும் கையில் இருக்கும்.

மற்ற மூன்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேமராவிலேயே எடிட் செய்வது ஒன்று: காட்சி வரிசைப்படியே எடுப்பது, ஒரு ஷாட்டுக்கு ஒரே டேக், அப்புறம் வெட்டவே கூடாது. 50 அடி சூப்பர் 8 ஃபிலிம் கார்ட்ரிட்ஜ் நொடிக்கு 18 ஃப்ரேம் வேகத்தில் 3 நிமிடம் 20 நொடிதான் ஓடும் என்ற காலத்தில் பலர் இப்படித்தான் பழகினார்கள். ஷாட்டை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று முன்பே யோசிக்க வைக்கும். எடிட்டிங் பழக உதவாது.

இன்னொன்று ஒரே ஷாட் படம். 1895-ல் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் ஃபிலிம் சுருள் சுமார் 17 மீட்டர், ஏறக்குறைய 50 நொடி. கேமராவை அசைக்காமல் அவ்வளவு நேரத்துக்கு ஒரு பஸ் ஸ்டாப்பையோ மீன் சந்தையையோ எடுத்துப் பாருங்கள். ஃப்ரேம் வைக்கக் கண் பழகும். ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இது நல்ல தேர்வு.

மூன்றாவது, சோவியத் இயக்குநர் குலெஷோவின் பெயரில் வழங்கும் பயிற்சி. உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்போடும், சவப்பெட்டியோடும், விளையாடும் குழந்தையோடும் மாற்றி மாற்றி ஒட்டியபோது, பார்த்தவர்கள் நடிப்பைப் புகழ்ந்தார்கள் என்று அவருடைய மாணவர் புடோவ்கின் எழுதினார். இதையே உங்கள் நண்பரின் முகத்தோடு செய்து பார்க்கலாம், உற்சாகமாக இருக்கும். ஆனால் கட்டுக்கு இவ்வளவு சக்தி உண்டு என்று தெரிந்துகொள்வது வேறு, அந்தக் கட்டை எந்த ஃப்ரேமில் போடுவது என்பது வேறு. அதற்குத் திரும்பவும் கதவுக்குத்தான் வர வேண்டும்.

ஃபோனா, கேமராவா?

இதைப் பற்றி நடக்கும் சண்டைகள் அளவுக்கு இதில் விஷயம் இல்லை. கல்லூரியில் கேமரா கொடுக்கிறார்கள், அதை இயக்கத் தெரிந்த ஒருவர் கூட இருக்கிறார் என்றால் கேமரா. இல்லையென்றால் ஃபோன். இரவல் வாங்கிய கேமராவின் மெனுவுக்குள் பாதி நாள் தொலைந்துபோவது வீண். ஃபோனில் எடுத்தால் சில விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷட்டர், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்), ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வது), ஃபோகஸ் நான்கையும் பூட்டும் வசதியுள்ள செயலியைப் பயன்படுத்துங்கள். பிளாக்மேஜிக் கேமரா செயலி இலவசம், ஐஃபோனிலும் சில ஆண்ட்ராய்டு மாடல்களிலும் ஓடும். முகத்தின் க்ளோசப்புக்கு மெயின் லென்ஸை மூக்கருகே கொண்டுபோகாதீர்கள், அது அகலமான லென்ஸ் என்பதால் மூக்கு பெரிதாகிவிடும். பின்னால் தள்ளி நின்று 2 எக்ஸ் ஜூம் போடுங்கள். வசனத்துக்கு இன்னொரு ஃபோனை நடிகர்களுக்குப் பக்கத்தில் ஃப்ரேமுக்கு வெளியே ஒளித்துவைத்துப் பதிவு செய்யுங்கள், ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் ஒரு கைத்தட்டல் போட்டால் பிறகு படத்தோடு சேர்ப்பது சுலபம். ஃபோன்கள் ஃப்ரேம் வேகத்தைச் சீராக வைக்காமல் எடுப்பதுண்டு, நீளமான கிளிப்களில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக விலகினால் காரணம் பெரும்பாலும் அதுதான். ஷாட்களைச் சின்னதாக எடுப்பதே தீர்வு.

எடிட்டிங்கை மட்டும் முடிந்தவரை கம்ப்யூட்டரில் செய்யுங்கள். கட்டை விரலால் இழுத்து வெட்டும்போது ஒரு ஃப்ரேம் வித்தியாசத்தைப் பிடிப்பது கஷ்டம், இந்தப் பயிற்சியோ அந்த ஒரு ஃப்ரேமைப் பற்றியது. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே தாராளம், ஆனால் 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் திணறும். அப்படியானால் கேடென்லைவ் அல்லது ஷாட்கட். இவையும் இலவசம், வாட்டர்மார்க் கிடையாது. எதில் வெட்டினாலும் முதல் எடிட்டில் பின்னணி இசை போடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதம். இசை வந்தால் தப்பு ஒளிந்துகொள்ளும்.

ஆகவே மூன்று நான்கு பேர் இருந்தால் கதவு, தனியாக இருந்தால் இஸ்திரி வண்டி, இரண்டும் முடிந்த பிறகு குறும்படம். கதவுப் பயிற்சியை ஒரு முறை எடுத்து வெட்டியதோடு விடாமல், அடுத்த வாரமே அதே அறையில் மறுபடி எடுங்கள். முதல் முறை கேமரா பிடித்தவர் இரண்டாவது முறை எடிட் செய்யட்டும், எடிட் செய்தவர் கேமராவுக்கு வரட்டும். எடிட்டில் அவதிப்பட்டவர் கேமரா பிடித்தால் அவசரப்பட்டு "கட்" சொல்ல மாட்டார்.

முடித்த பிறகு, படப்பிடிப்புக்கு வராத ஒருவரைக் கூப்பிட்டுச் சத்தமில்லாமல் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். பிறகு ஒரு தாளைக் கொடுத்து அந்த அறையை மேலிருந்து பார்ப்பது போல வரையச் சொல்லுங்கள்: கதவு எங்கே, இரண்டு நாற்காலி எங்கே, யார் எந்தப் பக்கம். அம்மாவோ தங்கையோ வரைந்தாலும் போதும், சினிமா தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. நாற்காலி இடம் மாறியிருந்தால் அவரைத் திருத்தாமல், எந்த ஷாட் அவரை அப்படி நினைக்க வைத்தது என்று கேட்டு, அந்த ஷாட்டை மட்டும் திரும்ப எடுங்கள்.